சனிக்கிழமை வண்டி

ரூட் ஒன் நெடுஞ்சாலையில் மனிதர் நடப்பதற்கென்று இடம் விடவில்லை. ஓரத்து வெள்ளைக் கோட்டுக்கு வெளியே கொஞ்சம் சரளை, பனி கரைந்த சேறு, லாரி டயரிலிருந்து பிய்ந்து விழுந்த ரப்பர் துண்டுகள். அதன்மேல்தான் நடந்துகொண்டிருந்தேன். தோளில் பை. அதற்குள் இரண்டு பேன்ட், ஒரு கம்பளி, என்னுடைய கரண்டிகள், முறுக்கு அச்சு. மான்மவுத் ஜங்ஷன் பின்னால் போய்விட்டது. நியூயார்க் பஸ் நிற்கிற இடம் முன்னால் எங்கோ இருந்தது. டிசம்பர் மாத வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. அந்த மாதத்தில் அந்த ஊரில் மதியத்துக்குப் பிறகு சாயங்காலம் என்று ஒன்று அதிகம் கிடையாது. நேராக இருட்டுதான்.

வீட்டை விட்டுப் போவது எனக்குப் பழக்கம். கரூரில் ஒன்பதாம் வகுப்பில் இருந்து கிளம்பியவன். லாரியில் கிளீனர், பம்பாயில் மெஸ், பிறகு கப்பலில் அடுப்படி. கப்பலில் கற்ற ஆங்கிலத்தை வைத்துக்கொண்டு அமெரிக்காவில் இறங்கி, டெக்சாஸ், கலிபோர்னியா என்று சுற்றிவிட்டு நியூ ஜெர்சிக்கு வந்திருந்தேன். ஹைவே மேல் இருந்த ஒரு இந்திய ஹோட்டலில் சமையல் வேலை. ஹோட்டல் இழுத்து மூடப்பட்டபோது, அங்கே அடிக்கடி சாப்பிட வரும் ஒரு ஈரோட்டுக்காரர் தன் வீட்டு ஹாலில் வந்து படுத்துக்கொள்ளச் சொன்னார்.

அவருக்கு ஆள் தேவைப்பட்டது. ஆறு வயது மகளுக்கு ரத்தப் புற்றுநோய். அம்மாவும் மகளும் பாதி நாள் பிலடெல்பியாவில் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். இவர் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தார். இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுவிடும் என்று ஊரே பயந்துகொண்டிருந்த வருஷக் கடைசி அது. அவருடைய ஆபீசில் டிசம்பர் முழுக்க யாருக்கும் லீவு கிடையாது, சனி ஞாயிறும் சேர்த்து. லீவு போட்டால் வேலை போகும். வேலை போனால் விசா போகும், இன்சூரன்ஸ் போகும், மகளின் வைத்தியம் போகும். அந்த அம்மாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. இதுதான் அந்த வீட்டின் நிலைமை. நான் சமைத்தேன், பெருக்கினேன், சோபாவில் தூங்கினேன்.

முதலில் அக்கம்பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் முறை வைத்து சாம்பாரும் ரசமும் கொண்டு வந்தார்கள். வண்டியிலும் கூட்டிப் போனார்கள். பிறகு அவரவர் பிள்ளைகளுக்கு ஜலதோஷம் வந்தது, டெஸ்ட் வந்தது, பாட்டு கிளாஸ் வந்தது. யாரையும் குறை சொல்ல முடியாது. அந்தச் சமயத்தில்தான் தொப்பிக்காரர் வந்தார்.

கறுப்புத் தொப்பி, நரைத்த தாடி, இடுப்பில் தொங்கும் வெள்ளை நூல்கள். தரை விரிப்புக் கடை வைத்திருக்கும் யூதர். அவர்களுடைய ஆட்கள் சேர்ந்து, புற்றுநோய் வந்த பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவதற்கென்றே வேன்கள் வாங்கி வைத்திருந்தார்கள். எந்த மதம், எந்த நாடு என்று கேட்பதில்லை. ஆஸ்பத்திரியில் யாரோ இந்த வீட்டைப் பற்றி அவர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். வேன் வந்தது. வேனோடு சாப்பாடும் வந்தது, பிளாஸ்டிக் டப்பாக்களில் பருப்பு சூப், சாதம், வேகவைத்த காய்கறி. சைவம்தான் சாப்பிடுவோம் என்று ஒரு தடவை சொன்னது போதும், அதற்குப் பிறகு தப்பாக எதுவும் வரவில்லை.

நான் நம்பவில்லை. எனக்குக் காரணம் இருந்தது.

டெக்சாஸில் குளிரில் நின்றபோது ஒரு கூட்டத்தார் எனக்கு நல்ல கோட்டு கொடுத்துப் படுக்க இடமும் கொடுத்தார்கள். பிறகு ஞாயிறுதோறும் மேடையில் ஏறி, நான் எப்படி நாசமாய்ப் போனேன், அவர்கள் எப்படி என்னைத் தூக்கி நிறுத்தினார்கள் என்று பேசச் சொன்னார்கள். ஐந்தாவது ஞாயிறு கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு வந்தேன். கலிபோர்னியாவில் சான் ரமோனில் நம் ஊர் இன்ஜினியர் ஒருவர் வாடகையில்லாமல் அறை கொடுத்தார். அவர் வீட்டுக் குழந்தைகளுக்கு ஆயா, காருக்கு டிரைவர், தோட்டத்துக்கு ஆள் எல்லாம் நானே ஆனேன். என் பாஸ்போர்ட்டை "சேஃப்டிக்கு" என்று தன் லாக்கரில் வைத்துக்கொண்டார். சும்மா கிடைப்பதற்குத்தான் கயிறு நீளம் என்று அப்போது தெரிந்துகொண்டேன். இவர்களுடைய கயிறு எங்கே இருக்கிறது என்று தேடினேன்.

மாடி வீட்டு ஆன்ட்டிக்கும் அதே யோசனை. ஒரு நாள் படிக்கட்டில் என்னை நிறுத்தினாள்.

"ஃப்ரீயா ரைடு, ஃப்ரீயா ஃபுட். இந்தக் காலத்துல யாருங்க பண்ணுவா? ரிசர்ச் பண்றாளோ என்னவோ. புது மருந்தெல்லாம் ட்ரை பண்ண இப்படித்தான் ஆள் பிடிப்பாளாம்."

"டாக்டர் வேற, இவங்க வேறங்க."

"எல்லாம் ஒண்ணுதான். இல்லேன்னா கன்வர்ட் பண்ணுவா. பாத்துண்டே இருங்கோ, ஒரு நாள் புஸ்தகம் வரும்."

நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். புத்தகம் வரவில்லை. குழந்தையைப் போட்டோ எடுக்கவில்லை. ஒரு முறை அந்த அம்மாவோடு பிலடெல்பியாவுக்குப் போனேன். ஆஸ்பத்திரியில் லிஃப்டுக்குப் பக்கத்தில் அவர்கள் ஒரு சின்ன அறை வைத்திருந்தார்கள். ஃப்ரிட்ஜ் நிறையச் சாப்பாடு, ரொட்டி, பழம், காபி, எந்த ஊருக்கும் பேசிக்கொள்ள ஒரு டெலிபோன், சாய்ந்துகொள்ள நாற்காலி. யார் வேண்டுமானாலும் போகலாம், எடுக்கலாம். கதவில் பூட்டு இல்லை. உள்ளே காவலுக்கு ஆள் இல்லை, பெயர் எழுதச் சொல்ல ஆள் இல்லை. எதிர் சுவரில் சாய்ந்து, யார் வந்து கணக்கு எடுக்கிறார்கள் என்று வெகுநேரம் பார்த்தேன். ஒருவரும் வரவில்லை. அது என் சந்தேகத்தைக் கூட்டியது. அமெரிக்காவில் காவல் இல்லாத ஃப்ரிட்ஜை நான் அதுவரை பார்த்ததில்லை.

இதற்கு நடுவில் டப்பா விஷயம். சாப்பாடு வந்த பிளாஸ்டிக் டப்பாக்கள் தூக்கிப் போடுவதற்காகச் செய்தவை. நம் வீடுகளில் அந்த மாதிரி டப்பாவை யார் தூக்கிப் போடுகிறார்கள்? அந்த அம்மா தேய்த்துக் கழுவித் துடைத்து வைத்தாள். திருப்பிக் கொடுக்கும்போது வெறும் டப்பாவாகக் கொடுக்கக் கூடாது என்பது அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியது அல்ல.

"ஏனுங்ணா, முறுக்கு சுத்தித் தர்றீங்களா? அந்த மனுசன் நமக்காக இத்தன தூரம் வண்டி ஓட்டறாரு. வெறும் டப்பாவை எப்படிங்ணா நீட்டறது?"

நான் சுற்றினேன். ஒரு தடவை முறுக்கு, ஒரு தடவை அதிரசம், ஒரு தடவை தட்டுவடை. அவள் டப்பாவை மூடி, சிவப்பு நூலால் கட்டி, இரண்டு கையாலும் நீட்டுவாள். தொப்பிக்காரர் குனிந்து வாங்கிக்கொண்டு, "தேங்க் யூ, வெரி கைண்ட்" என்பார். நன்றாக இருந்தது என்று அடுத்த முறை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சமையல்காரனுக்கு அது காதில் விழாமல் போகாது.

அந்த வாரம் குழந்தைக்கு வியாழன் தொடங்கி ஞாயிறு வரை நான்கு நாளும் விடாமல் மருந்து ஏற்ற வேண்டும். நடுவில் விட்டால் பலன் இல்லை என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சனிக்கிழமையில் மருந்து விழுந்தது அதுதான் முதல் முறை. வெள்ளி மதியம் வேன் திரும்பி வந்து நின்றபோது குழந்தையின் பையை எடுப்பதற்காக நான் பின்கதவைத் திறந்தேன். மடித்து வைத்த போர்வைக்குப் பக்கத்தில் இரண்டு டப்பாக்கள். ஒன்று அன்று காலை கொடுத்தது. இன்னொன்று முந்தின நாள் கொடுத்தது. இரண்டிலும் சிவப்பு நூல் கட்டியபடியே இருந்தது.

எங்கள் ஊர் டீக்கடையில் எங்கள் தெருக்காரர்களுக்குத் தனி டம்ளர். கூரையில் செருகியிருக்கும், நாமே எடுத்து நாமே கழுவி வைக்க வேண்டும். யார் கை பட்டதை யார் தொடமாட்டார்கள் என்பது நான் பள்ளிக்கூடத்தில் படித்த பாடம் அல்ல, ஆனாலும் அதில் நான் தேறியவன். அந்த நூலைப் பார்த்ததும் எனக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை.

வேனில் இன்னொரு பிள்ளை இருந்தது. அதை பிரின்ஸ்டன் பக்கம் கொண்டுபோய் விட வேண்டும் என்று தொப்பிக்காரர் உடனே கிளம்பிவிட்டார். நான் உள்ளே போய் அந்த அம்மாவிடம் பார்த்ததைச் சொன்னேன். கொஞ்சம் கூட்டியே சொல்லியிருப்பேன். அவள் அடுப்பை அணைத்தாள்.

"அப்ப நாம செஞ்சதைத் தொடக்கூட மாட்டாங்களா?"

"தொட்டிருந்தா நூல் அவுந்திருக்குமே."

"பாவப்பட்டவங்கன்னு சோறு போடறாங்க. நம்ம கையால ஒரு வாய் வாங்க மாட்டாங்க. இனி அந்த வண்டில ஏற மாட்டேனுங்க."

மகளைப் பார்க்க ஆபீசிலிருந்து ஓடி வந்திருந்த அவள் வீட்டுக்காரர் ஷூவைக்கூடக் கழற்றவில்லை.

"நாளைக்கு யாரு கூட்டிட்டுப் போறது? எனக்கு டெஸ்டிங் இருக்கு. நான் இல்லேன்னா மேனேஜர் என்னை ரிலீஸ் பண்ணிடுவான், புரியுதா?"

"லீவு போடுங்க."

"லீவா? உனக்கு என்ன பைத்தியமா?" பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்களை யாருண்ணா வண்டிக்குப் பின்னாடி போய் எட்டிப் பாக்கச் சொன்னது? நல்லா போயிட்டிருந்துச்சு. சமைக்கச் சொன்னா சமைங்க. எங்களுக்கு இருக்கற தலைவலி போதாதா?"

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் நான் பையை எடுத்துக்கொண்டேன். குழந்தை சோபாவில் கம்பளித் தொப்பியோடு உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தது. தலையில் முடி கிடையாது. "வேர் ஆர் யூ கோயிங், அங்கிள்?" என்றது. கடைக்கு என்று சொன்னேன்.

இப்படித்தான் ரூட் ஒன்னில் நடந்துகொண்டிருந்தேன். பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடித்து, என்னைத் தாண்டிப் போய் ஓரம் கட்டியது. அதே வேன். தொப்பிக்காரர் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார். அவர் பேசியது ஆங்கிலம், நான் பேசியது கப்பல் ஆங்கிலம். நினைவில் இருப்பதை நம் பேச்சில் எழுதுகிறேன்.

"ஏறு."

"வேண்டாம்."

"இந்த ரோட்டுல நடந்தா நாளைக்கு உன்னைச் சுரண்டித்தான் எடுக்கணும். ஏறு. எனக்கு நேரமில்ல."

ஏறினேன். சேறு பட்ட ஷூவை விரிப்பில் வைத்ததை அவர் பார்த்தார். தரை விரிப்புக் கடைக்காரர் அல்லவா.

"கார் போன்ல அந்த அம்மாவைக் கூப்பிட்டேன்," என்றார். "சனிக்கிழமை வண்டி ஓட்டற ஆள் ஐஸ்ல வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறிச்சுக்கிட்டான். வேற ஆள் பாக்கறேன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன். அந்த அம்மா, 'நோ வேன், தேங்க் யூ, நோ வேன்' அப்படின்னு போனை வெச்சுட்டாங்க. காலைல நல்லாத்தானே இருந்தாங்க? என்ன ஆச்சு?"

"உங்க டப்பாவைக் கேளுங்க. பின்னாடி இருக்கு."

அவர் புரியாமல் என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். நூலைச் சொன்னேன். டீக்கடை டம்ளரையும் சொன்னேன். டம்ளர் அவருக்குப் பிடிபடவில்லை. இரண்டு மூன்று தடவை கேட்டார். பிறகுதான் புரிந்தது.

"என் கூடப் பிறந்த அண்ணன் வீட்டுலயே தண்ணியைத் தவிர நான் எதையும் தொடறதில்ல," என்றார்.

"ஏன், அவர் என்ன செஞ்சார்?"

"இறால் திங்கறான். அவன் வீட்டுப் பாத்திரம் எல்லாத்துலயும் இறால் வெந்திருக்கு. எங்க சட்டப்படி நடக்கற அடுப்புல, எங்க பாத்திரத்துல சமைச்சதைத்தான் நான் திங்கலாம். உங்க வீட்டுச் சமையல்னு இல்ல. ஜனாதிபதி வீட்டுச் சமையலும் அப்படித்தான்."

"அண்ணன் கோவிச்சுக்க மாட்டாரா?"

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து கோவிச்சுக்கிட்டேதான் இருக்கான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் விடவில்லை. "எங்க ஊர்லயும் சட்டம்னுதான் சொல்வாங்க."

"அது வேற. அங்க அவங்க உன்னைத் தள்ளி வெச்சாங்க. இங்க நான் தள்ளி நிக்கறேன்."

"எதிர்ல நிக்கறவனுக்கு ரெண்டும் ஒரே தூரம்தான்."

அவர் தாடியைச் சொறிந்தார். "சரி," என்றார், "அது நியாயமான பேச்சு."

"வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே. ஏன் வாங்கினீங்க?"

"ரெண்டு கையாலயும் நீட்டினாங்க. பிள்ளைக்கு உடம்பு இப்படி இருக்கு. எல்லார்கிட்டயும் வாங்கிக்கிட்டே இருக்கற ஒரு பொம்பளை, அவங்களால குடுக்க முடிஞ்ச ஒண்ணே ஒண்ணு அது. அதை எப்படி வேண்டாம்னு சொல்றது?"

"அப்புறம் குப்பையில போடுவீங்க."

"குப்பையிலயா!" ஸ்டியரிங்கைத் தட்டினார். "சனிக்கிழமை டிரைவர் என்னைக் கொன்னுடுவான். அவன் ஹைட்டிக்காரன், எங்க ஆள் இல்ல, அவன் எதை வேணாலும் திங்கலாம். வெள்ளிக்கிழமை சாவியோட டப்பாவும் அவனுக்குப் போகும். ரெண்டு மாசமா அதான் நடக்குது. இன்னும் கொஞ்சம் காரம் போடச் சொல்லுன்னு என்கிட்டயே சொல்றான். நான் யார்கிட்ட சொல்றது?"

இது அப்போது ஜோடித்த கதையாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. "எது அவருக்கு ரொம்பப் பிடிச்சது?" என்று கேட்டுப் பார்த்தேன்.

"கறுப்பா, வட்டமா, எண்ணெய் வடியும். இனிப்பு. அதைத் தின்ன கையால ஸ்டியரிங்கைப் பிடிச்சு, மறுநாள் எனக்குக் கை வழுக்கிச்சு."

அதிரசம்தான். அந்த வாரம் நான் பாகு சரியாகக் காய்ச்சாததால் எண்ணெய் குடித்துவிட்டது. அதை யாரும் ஜோடிக்க முடியாது.

வெளியே வெயில் மரங்களுக்குக் கீழே இறங்கிவிட்டது. அவர் அடிக்கடி மேற்குப் பக்கம் பார்த்தபடி ஓட்டினார்.

"நீங்களே நாளைக்கு ஓட்டினா என்ன?" என்றேன்.

"சூரியன் விழுந்துட்டா நாளைக்கு இருட்டற வரைக்கும் நாங்க வண்டியைத் தொடறதில்ல. காசைத் தொடறதில்ல, போனைத் தொடறதில்ல. ஆனா உயிர்ப் பிரச்சனைன்னா ஓட்டலாம். ஓட்டலாம் இல்ல, ஓட்டியே ஆகணும். நாளைக்கு ஆள் கிடைக்கலேன்னா நான்தான் வருவேன். வேற ஆள் இருந்தா நான் தொடக்கூடாது."

"அப்ப உங்க பாவத்தை வேற ஆள் சுமக்கணும்."

"அவனுக்கு அது பாவமில்லையே. அவனுக்கு அது சும்மா ஒரு சனிக்கிழமை." மறுபடி மேற்குப் பக்கம் பார்த்தார். "ஆனா யார் ஓட்டினாலும் அந்த அம்மா ஏறணும். ஏறாம இருக்க வெச்சது நீ. உனக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?"

டெக்சாஸ் லைசென்ஸை எடுத்துக் கொடுத்தேன். சிக்னலில் நின்றபோது முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். டெக்சாஸில் என்ன வேலை என்று கேட்டார். ஃபிரிஸ்கோ பக்கம் புது வீடுகள் கட்டும் இடத்துக்கு லாரி ஓட்டினேன் என்றேன். குடிப்பேனா, எதிலாவது மோதியிருக்கிறேனா, ஏன் ஒரு இடத்திலும் நிலைக்கவில்லை, அந்தக் குடும்பத்தோடு எனக்கு என்ன உறவு, பை எதற்குக் கையில் இருக்கிறது என்றெல்லாம் கேட்டார். பிறகு கார் போனில் யாரையோ கூப்பிட்டு லைசென்ஸ் எண்ணை வேகமாகப் படித்தார். அந்தப் பக்கம் பேசியவர் கொஞ்ச நேரத்தில் திரும்பக் கூப்பிட்டு சரி என்றார். அவர் என்னைச் சந்தேகப்பட்ட விதம் எனக்குப் பிடித்திருந்தது. கோட்டு கொடுத்தவர்களும் அறை கொடுத்தவரும் என்னை ஒன்றுமே கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தார்கள்.

"இந்த வண்டி யார் வாங்கிக் கொடுத்தது?" என்று நான் என் பங்குக்குக் கேட்டேன்.

"தெரியாது."

"தெரியாதா?"

"கொடுத்தவனுக்கு யார் ஏறறாங்கன்னு தெரியக்கூடாது. ஏறறவங்களுக்குக் கொடுத்தது யாருன்னு தெரியக்கூடாது. அப்படித்தான் எங்க வழக்கம். தெரிஞ்சா அப்புறம் ரெண்டு பேரும் மூஞ்சியைப் பாத்துக்கணுமே."

மேடையும் மைக்கும் எனக்கு நினைவு வந்தன. முழுக்க நம்பினேன் என்று சொல்ல முடியாது. ஆனால் கேட்க வேறு கேள்வி அகப்படவில்லை.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவருடைய ஊர். தெருவில் ஆண்கள் கறுப்புக் கோட்டோடு வேகமாக நடந்துகொண்டிருந்தார்கள். அவர் வீட்டு வாசலில் ஒரு பெண், மனைவியாகத்தான் இருக்க வேண்டும், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். வார்த்தை புரியவில்லை. நேரமாகிவிட்டது என்பது மட்டும் எந்த மொழியிலும் புரியும். அவர் இறங்கி சாவியை என் உள்ளங்கையில் வைத்தார். போக வேண்டிய இடங்களையும் அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய எண்ணையும் ஒரு காகிதத்தில் எழுதி, முன்கண்ணாடிக்கு மேலே வெயில் மறைக்கும் தகட்டில் செருகியிருப்பதாகச் சொன்னார். சம்பளம் பற்றித் திங்கட்கிழமை அலுவலகத்தில் பேசிக்கொள்ளச் சொன்னார்.

"என்னைக் கூப்பிடாதே. எடுக்க மாட்டேன்."

"வண்டியை எடுத்துக்கிட்டு நான் ஓடிட்டா?"

"இப்ப நான் போலீசுக்குக்கூட போன் பண்ண முடியாது. ஓடறதுன்னா இதை விட நல்ல நேரம் கிடைக்காது." பாதி தூரம் போனவர் திரும்பினார். "அந்த அம்மாகிட்ட சொல்லு. தோல் உரிக்காத பழம்னா நான் சாப்பிடலாம். கடையில வாங்கின மாதிரியே. எந்தச் சாமிக்கும் படைச்சிருக்கக் கூடாது."

கதவு சாத்திக்கொண்டது. ஜன்னலில் இரண்டு மெழுகுவர்த்திகள் எரிந்தன. கையில் சாவி இருந்தது, நியூயார்க்குக்கு வழி தெரியும், பையும் வண்டியிலேயே இருந்தது. அந்த மாதிரி நேரங்களில் நான் எப்போதும் என்ன செய்திருக்கிறேனோ அது மனதில் வந்தது. வண்டியைத் தெற்கே, வந்த வழியே திருப்பினேன்.

அபார்ட்மென்ட் வாசலில் வேன் நின்றதும் அவள் வீட்டுக்காரர்தான் முதலில் வெளியே வந்தார். ஆபீசுக்குத் திரும்பிப் போகாமல் போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்.

"என்னங்ணா இது? திருடிட்டு வந்துட்டீங்களா?"

"சாவியைக் கொடுத்துட்டு உள்ள போயிட்டாரு. நாளைக்கு நான்தான் டிரைவர்."

அவர் வேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். உள்ளே அந்த அம்மா என்னைப் பார்க்காமல் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் வீட்டு இறாலைச் சொன்னேன். அவள் முகம் மாறவில்லை. ஹைட்டிக்காரர் காரம் கேட்டதைச் சொன்னேன்.

"நிசமாவா?"

"அதிரசத்து எண்ணெயில அவருக்குக் கை வழுக்குச்சாமா."

"அது நீங்க பாகைக் கெடுத்தது," என்றாள். அப்புறம்தான் என்னை நேராகப் பார்த்தாள். "அப்ப அந்த மனுசனுக்கு நம்ம எதுவுமே குடுக்க முடியாதா?"

பழத்தைச் சொன்னேன். அவளுக்கு அதுவும் சங்கடமாக இருந்தது. வீட்டுக்கு வரும் பழத்தை அவள் முதலில் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் யாருக்கும் தருவாள்.

"படைக்காம எப்படிங்ணா ஒருத்தருக்குக் குடுக்கறது? மனசு வருமா?"

"நமக்கு மனசு வரணும்னா அவருக்கு வாய் வராது."

பிறகு கடைப் பையிலிருந்த ஆரஞ்சுகளை, சாமி படம் இருக்கும் அலமாரிப் பக்கம் திரும்பாமலே, வெளிக் கதவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள். நாளைக்கு வருகிறாளா என்று நான் கேட்கவில்லை. அவளே ஆஸ்பத்திரிப் பையில் குழந்தையின் துணிகளை அடுக்கத் தொடங்கினாள்.

மறுநாள் காலையில் எல்லோருக்கும் முன்னால் இறங்கி வண்டியைச் சூடு பண்ணினேன். ஆள் இல்லாத சமயத்தில் டேஷ்போர்டுப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். சீட்டுக்கு அடியிலும் கைவிட்டுப் பார்த்தேன். மாடி வீட்டு ஆன்ட்டி சொன்ன புத்தகம் இருந்தால் அங்கேதான் இருக்க வேண்டும். ஈரத் துடைப்பான்கள், வாந்தி எடுக்கக் காகிதப் பைகள், குழந்தைகள் ஒட்டும் ஸ்டிக்கர் தாள்கள், ஒற்றைக் கையுறை. வேறு ஒன்றும் இல்லை. இன்னொரு நாள் நன்றாகத் தேடலாம் என்று மூடி வைத்தேன்.

ஆபீசுக்குப் போகிற வழியில் அவள் வீட்டுக்காரர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து சீட்டில் உட்கார வைத்து பெல்ட் போட்டுவிட்டார். குழந்தை முன்பக்கம் எட்டிப் பார்த்தது.

"வேர் இஸ் ஹேட் அங்கிள்?"

"அவருக்கு இன்னிக்கு லீவு, கண்ணு."

"ஆர் யூ ஈவன் அலவ்ட் டு டிரைவ்?"

"தாடி இருந்தாத்தான் விடுவாங்களா?"

"யூ நீட் அ ஹேட்," என்று சொல்லிவிட்டுத் தன் கம்பளித் தொப்பியை இரண்டு கையாலும் காதுவரை இழுத்துக்கொண்டது. தன்னுடையதைக் கேட்டுவிடுவேன் என்ற பயம்.

அந்த அம்மா ஆஸ்பத்திரிப் பையை வைக்கப் பின்கதவைத் திறந்தாள். திறந்தவள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். கண்ணாடியில் அவள் முகம் தெரியவில்லை. பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து, சிவப்பு நூல் கட்டிய டப்பாக்கள் இரண்டையும் எனக்குப் பக்கத்து சீட்டில் வைத்தாள்.

"பிடிங்ணா. சனிக்கிழமை டிரைவருக்குத்தானே."

மகளுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். வெயில் மறைக்கும் தகட்டில் செருகியிருந்த காகிதத்தில் அடுத்த பெயர் ட்ரென்டனில் ஒரு பையன். அவனையும் ஏற்றிக்கொண்டு பிலடெல்பியா போக வேண்டும். ரூட் ஒன்னில் திரும்பியதும் ஒரு கையால் நூலை அவிழ்த்து ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தேன். ஹைட்டிக்காரர் சொன்னது சரிதான். காரம் போதவில்லை.